டிரிபியூனலில் பக்கத்துக் கதிரை: இரண்டு நாள் பெனிபிட் அப்பீல் பயிற்சி எப்படி இருக்கிறது?

லண்டனில் கோயில் மண்டபத்திலும் சங்கக் கட்டிடத்திலும் மேசை போட்டு, பழுப்பு உறையில் வந்த கடிதங்களைச் சனங்களுக்கு வாசித்துச் சொல்லும் ஆட்கள் பலர் இருக்கிறார்கள். படிவம் நிரப்புவது வரை அவர்களுக்குக் கைவந்த வேலை. ‘அப்பீலுக்குக் கூட வாறியளா தம்பி?’ என்று கேட்டவுடன்தான் தயக்கம் வரும். அந்தத் தயக்கத்தைப் போக்கவென்று நடத்தப்படும் இரண்டு நாள் பயிற்சி ஒன்றைப் பற்றியது இந்த மதிப்பீடு. நடத்துவது ஒரு தொண்டு நிறுவனம். பெயர் இங்கே வேண்டாம், ஏனென்றால் இதே அச்சில் வார்த்த பயிற்சிகள் வேறும் உண்டு, குறைகளும் ஏறக்குறைய இவையேதான். சட்டத்துக்கு நிறைய மதிப்பெண். மாதிரி விசாரணைக்கு இன்னும் நிறைய. விசாரணைக்கு முந்திய வேலைக்குப் பாதி. மொழிபெயர்ப்பாளர் விஷயத்தில் பூச்சியம்.

முதலில், இப்படி ஒரு பயிற்சி ஏன் தேவைப்படுகிறது? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2013 ஏப்ரலோடு முதல்நிலைத் தீர்ப்பாயத்தில் (டிரிபியூனலில்) நடக்கும் பெனிபிட் அப்பீல்களுக்கு, அதாவது அரச உதவிக் கொடுப்பனவு பற்றிய மேன்முறையீடுகளுக்கு, சட்ட உதவிப் பணம் நின்றுபோனது. 2012ஆம் ஆண்டுச் சட்டம் அதை வெட்டிவிட்டது. மேல் தீர்ப்பாயத்துக்குப் போகும் சட்டப் பிரச்சினைகளுக்கு மட்டும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. ஆகவே கீழே வாதாட வழக்கறிஞர் கிடைப்பது அரிது. நல்லவேளையாக, வழக்கறிஞர்தான் வரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 2008ஆம் ஆண்டு நடைமுறை விதிகளில் 11ஆம் விதி, யாரையும் பிரதிநிதியாக நியமிக்கலாம் என்கிறது. அப்பீல் போடக் கட்டணம் கிடையாது. தோற்றாலும் எதிர்த்தரப்பின் செலவைக் கட்டச் சொல்ல இந்தத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் இல்லை. இந்த மூன்றையும் பயிற்சி முதல் அரை மணியில் சொல்லிவிடுகிறது.

அதே 11ஆம் விதிக்குள் ஒரு பொறி இருக்கிறது. பிரதிநிதியின் பெயரையும் முகவரியையும் எழுத்தில் கொடுத்தபின், தீர்ப்பாயம் ஆவணங்களைப் பிரதிநிதிக்கு அனுப்பினாலே போதும். அப்பீல்காரருக்குத் தனியாக அனுப்பவேண்டிய கட்டாயம் இல்லை. நீங்கள் ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்குப் போய்விட்டால் விசாரணைத் திகதிக் கடிதம் லண்டனில் உங்கள் வீட்டுக் கதவடியில் கிடக்கும். சனிக்கிழமை மட்டும் திறக்கும் சங்கத்தின் முகவரியைக் கொடுப்பதும் இதே வினைதான். இந்தப் பயிற்சி இதை ஒரு வரியில் கடந்துபோகிறது. தொண்டர்களுக்கு முதல் பாடமே இதுவாக இருக்கவேண்டும்.

காலக்கெடுக்களைச் சொல்லித்தரும் பகுதி நன்றாக இருக்கிறது. கொடுப்பனவுகளைத் தீர்மானிக்கும் அரச திணைக்களத்தின் (DWP) தீர்மானக் கடிதத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் அதனிடமே மறுபரிசீலனை கேட்கவேண்டும். அதன் பதில் வந்தபின் அப்பீலுக்கு இன்னொரு மாதம். இரண்டிலும் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டினால் மொத்தம் 13 மாதம் வரை கதவு திறக்கக்கூடும். மறுபரிசீலனையை ‘நேரம் கடந்துவிட்டது’ என்று திணைக்களம் தள்ளிவிட்டாலும் அப்பீல் உரிமை போய்விடாது என்று 2017இல் மேல் தீர்ப்பாயம் தீர்ப்புச் சொன்னது. திணைக்களம் என்னவோ கதவைச் சாத்தியதுபோலத்தான் எழுதும், அதை நம்பி வீட்டில் இருந்தவர்கள் நிறைய. வீட்டு வாடகை உதவிக்கு இந்த மறுபரிசீலனைப் படி கட்டாயமில்லை. நேரே உள்ளூராட்சி மன்றத்திடம் அப்பீல் கொடுக்கலாம். அப்பீல் போட்டபின் திணைக்களம் 28 நாளில் பதிலும் ஆவணக் கட்டும் அனுப்பவேண்டும். அதற்கு நீங்கள் மறுமொழி எழுத ஒரு மாதம்.

பிறகு பிப் (PIP) என்று எல்லோரும் சொல்லும், நோயாலோ இயலாமையாலோ அன்றாட வேலைகளில் சிரமப்படுபவர்களுக்கான கொடுப்பனவு. பயிற்சியின் முதுகெலும்பு இதுதான், முதல் நாள் மதியம் முழுவதும் இதற்கே போகிறது. நாளாந்த வாழ்க்கைக்குப் 10 செயல்கள், நடமாட்டத்துக்கு 2. ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியாக 8 புள்ளி வந்தால் சாதாரண விகிதம், 12 வந்தால் கூடிய விகிதம். இதைப் பலர் ஏற்கெனவே அறிவார்கள். பயிற்சியாளர் காட்டுவது வரையறைகளை, அங்கேதான் காசுக்குப் பெறுமதி. ‘சமைப்பது’ என்றால் இடுப்பு உயரத்திலோ அதற்கு மேலோ உணவைச் சூடாக்குவது. ஆகவே ‘குனிந்து ஓவன் (oven) அடுப்புக்குள் வைக்க முடியாது’ என்று ஒரு பக்கம் எழுதினாலும் அது கணக்கில் வராது. ‘எளிய உணவு’ என்றால் புதிய பொருட்களைக் கொண்டு ஒருவருக்குச் சமைக்கும் ஒரு வேளைச் சாப்பாடு. ரெடிமேட் பெட்டியைச் சூடாக்குவது அதில் சேராது, வீட்டுக்கே சோறு கறி ஆக்குவதும் அளவுகோல் இல்லை. மதிப்பீட்டு அறிக்கையில் ‘தேநீர் போடுவதாகச் சொன்னார்’ என்று எழுதி அதை வைத்தே சமையலுக்கு வெறும் 2 புள்ளி கொடுத்திருந்தால், தேநீருக்கும் இந்த வரையறைக்கும் உள்ள தூரத்தைக் காட்டவேண்டியது உங்கள் வேலை.

பிப் ஒழுங்குவிதிகளில் நான்காவதில் உள்ள நான்கு சொற்களையும் மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள்: பாதுகாப்பாக, ஏற்கத்தக்க தரத்தில், திரும்பத் திரும்ப, நியாயமான நேரத்துக்குள். நியாயமான நேரம் என்பது அந்த இயலாமை இல்லாதவருக்கு வழக்கமாகப் பிடிக்கக்கூடிய அதிகபட்ச நேரத்தின் இரு மடங்கு வரை. 2017இல் மூன்று வழக்குகளைச் சேர்த்துக் கேட்ட மேல் தீர்ப்பாயம், ‘பாதுகாப்பாக’ என்பதற்கு விபத்து அநேகமாக நடந்தே தீரும் என்று நிரூபிக்கத் தேவையில்லை, நடந்தால் எவ்வளவு கேடு வரும் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்றது. வலிப்புக்காரருக்கு இது உயிர்நாடி. மாதத்தில் ஒரு தரம் வரும் வலிப்புத்தான், ஆனால் எப்போது என்று தெரியாது, அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது.

நாட்கணக்கிலும் பயிற்சியாளர் விடவில்லை. கிழமையில் மூன்று நாள் முடியாது என்றால் 43 வீதம். சட்டம் கேட்பது 50க்கு மேல். நான்கு நாள் என்றால் 57. இரண்டு நாளுக்கு ஒரு டிஸ்கிரிப்டர் (புள்ளி தரும் விவரணை வரி), வேறு இரண்டு நாளுக்கு இன்னொன்று பொருந்தினால் இரண்டையும் கூட்டலாம். நாட்கள் சமமாக இருந்தால் கூடிய புள்ளி உள்ளது கிடைக்கும். பலகையில் போட்டுக் காட்டிய இந்தக் கணக்கு ஒன்றே, ‘சில நாள் நல்லம், சில நாள் கூடாது’ என்று எழுதிக்கொண்டிருந்த கைகளைத் திருத்திவிடும்.

சறுக்குவது இதற்கடுத்து. ‘நினைவூட்டித் தூண்டுதல்’, ‘கூடவே இருந்து கவனித்தல்’, ‘கை கொடுத்துச் செய்வித்தல்’ என்ற மூன்றுக்கும் ஆங்கிலத்தில் மூன்று சொற்கள், மூன்றுக்கும் சட்டத்தில் தனி வரையறை. சமையலில் தூண்டுதலுக்கு 2 புள்ளி, கவனித்தலுக்கும் கை கொடுப்பதற்கும் 4. தமிழில் மூன்றையும் சனங்கள் ‘உதவி’ என்றே சொல்வார்கள். ‘மகள் உதவி செய்யிறவ’ என்ற பதிலை அப்படியே எழுதி அனுப்பினால் எந்த டிஸ்கிரிப்டரும் நிற்காது. மகள் என்ன செய்கிறாள்? ‘அம்மா, எழும்பிச் சமையுங்கோ’ என்று சொல்கிறாளா, குசினிக்குள் நின்று பார்க்கிறாளா, அரிசிப் பானையை இறக்கிக் கஞ்சி வடிக்கிறாளா? இந்த மூன்று கேள்வியையும் கேட்கப் பழக்குவதற்கு பயிற்சியில் இடமே இல்லை. வரையறையைச் சொல்லித்தந்தார்கள், வரையறைக்குள் ஒரு மனிதரின் நாளை எப்படிக் கொண்டுவருவது என்பதைச் சொல்லித்தரவில்லை.

இதே குறையின் பெரிய உருவம் ‘சமாளிக்கிறன்’ என்ற சொல். எங்கள் சனத்திடம், அதுவும் போர் பார்த்து வந்த வயதானவர்களிடம், எதைக் கேட்டாலும் முதலில் வருவது இதுதான். ‘குளிக்கிறது எப்படி அம்மா?’ ‘நான் சமாளிக்கிறன் தம்பி.’ அது தன்மானம். ஆனால் மதிப்பீட்டு அறிக்கையில் அது ‘சுயமாகச் செய்கிறார், பூச்சியம் புள்ளி’ என்று பதிவாகும். நல்ல ஆலோசகர் அங்கே நிற்கமாட்டார். ‘எப்படிச் சமாளிக்கிறியள்? நேற்றுக் காலமை எழும்பினதிலிருந்து சொல்லுங்கோ’ என்று கேட்பார். குளியல் தொட்டிக்குள் கால் வைக்க யாரைப் பிடிக்கிறார், முதுகுக்கு யார் தண்ணீர் ஊற்றுகிறார், குளித்தபின் எவ்வளவு நேரம் படுக்கிறார், அடுத்த நாளும் குளித்தாரா. ஒரு முழு நேர்காணலுக்கு இரண்டு மணி நேரம் பிடிக்கும், அதுவும் இரண்டு தரமாகப் பிரித்தால் நல்லது. பயிற்சி இதற்கு ஒதுக்கியது இருபது நிமிடம்.

கைப்பிரதியில் உள்ள எழுத்து வாத மாதிரி ஆறு பக்கம். அதை அப்படியே பின்பற்றவேண்டாம். நூற்றுக்கணக்கான பக்கம் ஆவணக் கட்டை வாசித்துவிட்டு வரும் குழுவுக்கு இரண்டு பக்கம் போதும். முதல் பந்தியிலேயே கணக்கு இருக்கட்டும்: திணைக்களம் கொடுத்தது சமையலுக்கு உபகரணம் 2, குளியலுக்கு உபகரணம் 2, ஆக 4. நாங்கள் கேட்பது சமையலுக்கு 4, குளியல் தொட்டியில் இறங்கி ஏற ஆள் உதவி 3, இடுப்புக்குக் கீழே உடுப்புப் போட உதவி 2, ஆக 9. பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு பந்தி, ஒவ்வொரு வசனத்துக்கும் கட்டில் உள்ள பக்க எண். இதே கணக்கில் உடுப்பை மறந்துவிட்டால் 7. ஒரு புள்ளியால் எல்லாம் போய்விடும். கொஞ்சம் பலவீனமான செயலையும் காகிதத்தில் எழுப்பி வைக்கவேண்டும் என்பது இதனால்தான். அப்பீலில் எழுப்பாத விஷயத்தைத் தீர்ப்பாயம் பார்க்கவேண்டிய கட்டாயமில்லை என்று 1998ஆம் ஆண்டுச் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது.

அதே பிரிவுதான் இன்னொன்றையும் சொல்கிறது: தீர்மானம் எடுத்த நாளுக்குப் பின்னர் மாறிய நிலைமையைக் கணக்கில் எடுக்கக்கூடாது. புதியவர்கள் அதிகம் விழும் குழி இது. போன மாதம் விழுந்து இடுப்பு உடைந்தது என்று புதிய கடிதத்தை நீட்டுவார்கள், தீர்மானமோ பத்து மாதத்துக்கு முந்தியது. அதற்கு வழி புதிய விண்ணப்பம் அல்லது மாற்றம் அறிவித்தல். ஆனால் இன்றைக்கு எழுதிய கடிதம் அன்றைய நிலைமையைப் பற்றிப் பேசினால் அது செல்லும். குடும்ப வைத்தியரிடம் கடிதம் கேட்கும்போது ‘இன்ன திகதியளவில்’ என்று எழுதச் சொல்லுங்கள், கேள்விகளை நீங்களே குறித்துக் கொடுங்கள். நோய்ப் பெயர்ப் பட்டியல் புள்ளி தராது.

இரண்டாம் நாள் மாதிரி விசாரணை. இந்தப் பயிற்சிக்குப் போகச் சொல்வதற்கு உண்மையான காரணம் இதுதான். நீதிபதி, மருத்துவர், இயலாமை அனுபவமுள்ள உறுப்பினர் என்று பிப் அப்பீலில் வழக்கமாக வரும் மூவரையும் வைத்து, பயிற்சியாளர் மருத்துவராக உட்கார்ந்துகொள்கிறார். கையிலிருப்பது மூட்டுவாதம் உள்ள 58 வயதுப் பெண்ணின் கற்பனைக் கட்டு. ‘இன்றைக்கு எப்படி வந்தீர்கள்?’ என்று சாதாரணமாகக் கேட்கிறார். பஸ், பிறகு நடை. எந்தத் தரிப்பிடம்? எத்தனை தரம் நின்றீர்கள்? எவ்வளவு நேரம்? பேச்சுவாக்கில் கேட்டதுபோல இருந்தாலும் நடமாட்டப் பகுதி முழுவதும் அதற்குள் முடிந்துவிடுகிறது. 20 மீற்றருக்கு மேல் போகமுடியாது என்றால் 12 புள்ளி, உபகரணம் இல்லாமல் 20க்கும் 50க்கும் இடையில் என்றால் 8, 50க்கும் 200க்கும் இடையில் என்றால் 4. மீற்றர் தெரியாத ஆளிடம் மீற்றரில் பதில் எடுக்கக்கூடாது. வீட்டு வாசலிலிருந்து எத்தனையாவது வீட்டில் நிற்கிறார் என்று கேட்டு, வரைபடத்தில் அளந்து, முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடவேண்டும். மருத்துவ உறுப்பினர் உடம்பைத் தொட்டுப் பரிசோதிக்க மாட்டார், சட்டம் அனுமதிப்பதில்லை. ஆனால் கதிரையிலிருந்து எழும்பும் விதத்தைப் பார்ப்பார்.

அப்போது பிரதிநிதி என்ன செய்யவேண்டும்? பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டு குறிப்பெடுக்கவேண்டும். இது விசாரித்து அறியும் தீர்ப்பாயம், இரு தரப்பும் மோதும் நீதிமன்றம் இல்லை. 2004இல் பிரபுக்கள் சபைக்குப் போன கெர் வழக்கு இதைத்தான் சொன்னது. கேள்வி அப்பீல்காரரிடம், இடையில் விழுந்து ‘அவவுக்கு ஏலாது’ என்று நீங்கள் பதில் சொன்னால் அது சாட்சியம் ஆகாது, குழுவுக்கு எரிச்சல்தான் வரும். பயிற்சியில் பாதிப் பேர் இந்தப் பிழையை விட்டார்கள். விட்டது நல்லது, விடுவதற்கான இடம் அதுதான். குழு கேட்டு முடித்ததும் உங்களுக்கு முறை வரும். அங்கே விடுபட்டதை மட்டும், பதிலை ஊட்டாத கேள்வியாகக் கேட்கவேண்டும்: ‘சோறு வடிக்கிறது யார்?’ இரண்டு கேள்வி, பிறகு மூன்று நிமிடத் தொகுப்பு.

இனி பூச்சியம் வாங்கிய இடம். தீர்ப்பாயம் இலவசமாக மொழிபெயர்ப்பாளரைத் தரும். அப்பீல் படிவத்தில் மொழியையும் வட்டார வழக்கையும் எழுதவேண்டும். குடும்பத்தவரை மொழிபெயர்க்க விடுவது வழக்கமில்லை. பயிற்சி இதை மட்டும் சொல்லி நகர்ந்துவிட்டது. யாழ்ப்பாணத்து அம்மாவுக்குத் தமிழ்நாட்டு மொழிபெயர்ப்பாளர் கிடைத்தால் என்ன ஆகும் என்பது ஆங்கிலப் பயிற்சியாளருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லைதான். ‘நாரி நோகுது’ என்றால் யாழ்ப்பாணத்தில் இடுப்புவலி, தமிழ்நாட்டவருக்கோ நாரி என்றால் பெண், யார் அவர் என்ற குழப்பம். ‘ஏலாமல் கிடந்தனான்’ என்பது சுகமில்லாமல் படுத்திருந்தது. ‘முடியவில்லை’ என்று மட்டும் போய்ச்சேரும். எல்லாவற்றிலும் கெட்டது ‘ஒரு கிழமை’. ஈழத்தில் அது ஏழு நாள். தமிழ்நாட்டில் கிழமை என்றால் திங்கள், செவ்வாய் என்ற நாள். 50 வீதக் கணக்கில் உயிர் வைத்திருக்கும் வழக்கில் இது என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. படிவத்தில் ‘தமிழ், இலங்கை வழக்கு’ என்றே எழுதுங்கள். தமிழ் தெரிந்த பிரதிநிதி மொழிபெயர்க்க முயலக்கூடாது, ஆனால் பிழை காதில் விழுந்த அந்தக் கணமே நீதிபதியிடம் மரியாதையாகச் சொல்லவேண்டும். வீட்டுக்குப் போய் யோசித்துக் கடிதம் எழுதுவது அதற்கு ஈடாகாது.

மொழியோடு இன்னொரு தவறும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ‘ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது’ என்று வாசிப்புச் செயலில் புள்ளி கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சட்டம் பேசுவது தாய்மொழியைப் பற்றி. தமிழ்ப் பத்திரிகைத் தலைப்பை வாசிக்க முடிகிறதா, பக்கவாதத்துக்குப் பிறகு எழுத்துக் குழம்புகிறதா என்பதுதான் கேள்வி.

போரின் நினைவால் வெளியே போகமுடியாதவர்களுக்குப் பிப் நடமாட்டப் பகுதியின் பயணச் செயல் முக்கியம். மனவேதனையால் தனியாக அறிமுகமில்லாத வழியில் போகமுடியாதவருக்கும் 10 புள்ளி வரலாம் என்று மேல் தீர்ப்பாயம் 2016இல் சொன்னது. அரசாங்கம் 2017 மார்ச்சில் ஒழுங்குவிதியை மாற்றி அதைத் தடுத்தது. அந்த மாற்றத்தை அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் செல்லாது என்றது. பயிற்சி இதைத் தெளிவாகச் சொன்னது, பாராட்டவேண்டும்.

குறைந்த வருமானக்காரருக்கான யூனிவர்சல் கிரெடிட் கொடுப்பனவின் வேலைத்திறன் அப்பீல் ஒரு மணி நேரத்தில் ஓடி முடிந்தது. அங்கே வேலைத்திறன் குறைந்தவர் என்று ஏற்கப்படத் தேவையான 15 புள்ளியைத் துரத்துவதிலேயே நேரம் போனது. 2017 ஏப்ரலுக்குப் பின் வந்த பெரும்பாலானோருக்கு அந்த 15 புள்ளியால் மட்டும் கூடுதல் பணம் வராது. அதன் ஒழுங்குவிதிகளின் ஏழாம் அட்டவணையோ, ஒன்பதாம் அட்டவணையில் உள்ள ‘கணிசமான ஆபத்து’ வழியோ பிடிக்கவேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ், நோர்வே பாஸ்போர்ட்டோடு வந்த எங்கள் ஆட்களுக்கு வரும் வதிவுரிமை அப்பீல்கள் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதற்குத் தனிப் பயிற்சி தேடுங்கள்.

தோற்றபின் என்ன என்பதற்குப் பத்து நிமிடம். அதற்குள் சொல்லவேண்டியதைச் சொன்னார்கள்: ஒரு மாதத்துக்குள் எழுத்தில் முழுக் காரணங்களைக் கேட்கவேண்டும், அது வந்த ஒரு மாதத்துக்குள் மேல் தீர்ப்பாயத்துக்குப் போக அனுமதி கேட்கவேண்டும், அங்கே சட்டப் பிழை மட்டுமே எடுபடும். சொல்லாமல் விட்டவை இரண்டு. ஏற்கெனவே கொஞ்சம் கிடைத்துக்கொண்டிருப்பவருக்குத் தீர்ப்பாயம் அதையும் குறைக்கலாம். இதை அப்பீல் போடுமுன் வாய்விட்டுச் சொல்லி, சொன்னதைக் குறித்து வையுங்கள். மற்றது, விசாரணைக்கு முன் திணைக்களத்திலிருந்து தொலைபேசி வரக்கூடும், ‘இவ்வளவு தருகிறோம், சம்மதமா’ என்று. சம்மதித்துப் புதிய தீர்மானம் வந்தால் நடக்கும் அப்பீல் முடிந்துபோகும்; புதிய தீர்மானத்துக்கு வேறாக அப்பீல் உரிமை உண்டு. ‘என்ர ஆளோட கதையுங்கோ’ என்று சொல்ல அம்மாவுக்கு முன்பே பழக்கி வைக்கவேண்டும்.

படிவம் நிரப்பி ஒரு வருடமாவது பழகியவர்களுக்கு இந்தப் பயிற்சி தகும். முற்றிலும் புதியவர்களுக்கு வேகம் தாங்காது. நேரில் நடக்கும் வகுப்பையே எடுங்கள். இணைய வகுப்பில் மாதிரி விசாரணை இல்லாமல் வெறும் விளக்கம் மட்டும் இருப்பதுண்டு, பதிவு செய்யுமுன் கேட்டுவிடுங்கள். முடித்தவுடன் தனியாக வழக்கு எடுக்கவும் வேண்டாம். விசாரணைகள் பொதுவாகத் திறந்தவை. அப்பீல்காரரின் சம்மதத்தோடு, அனுபவமுள்ள ஒருவருக்குப் பின்னால் மூன்று விசாரணையாவது உட்கார்ந்து பாருங்கள். மத்திய லண்டனில் நடப்பவை வசதி. போகும்போது கைத்தொலைபேசியை நிறுத்திவிட்டு, ஒரு கொப்பியும் இரண்டு பேனையும் கொண்டு போங்கள்.